பொட்டல வக்கீலின் கட்சிக்காரர்கள்

உலகத்திலேயே அதிகக் கட்சிக்காரர்களை வைத்திருந்த வக்கீல் எங்கள் பொட்டல வக்கீல்தான். அவர்களில் ஒருவர்கூட அவரைப் பார்த்தது கிடையாது. இப்படி ஒரு வக்கீல் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் என்ன குறைந்துவிட்டது? அவர்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவில் இருந்தார்கள். இவர் மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் உட்கார்ந்து அவர்களுக்காக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். ஃபீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, எதிர்த்தரப்பு கிடையாது. இத்தனை சௌகரியமான பிராக்டிஸ் வேறு எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்?

நான் சொல்வது முப்பதுகளின் சமாசாரம். அந்த நாளில் மயிலாப்பூரில் தெரியாத்தனமாக யார் மேலாவது இடித்துக்கொண்டால், முகத்தைக்கூடப் பார்க்காமல் "மன்னிக்கணும் வக்கீல் சார்" என்று சொல்லிவிடலாம். அநேகமாகத் தப்பாது. அத்தனை வக்கீல்களுக்கும் வழக்கு வேண்டுமானால் ஜனங்கள் சோறு தண்ணீர் இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜனங்கள் அவ்வளவு பொறுப்பாக இல்லை. ஆகவே நம்மவர் தினமும் காலையில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, லஸ்ஸில் டிராம் ஏறிக் கோர்ட்டுக்குப் போவார். அங்கே வேப்பமர நிழலில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிடுவார். சாயங்கால டிராமில் திரும்பிவிடுவார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாமனாருக்கு நிலம் இருந்ததால், சட்டத்தின் மேல் அவருக்கு இருந்த பக்திக்கு எந்தக் குறைவும் வரவில்லை.

நான் அப்போது ஓர் இன்ஷுரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. அதே சந்தில் ஒரு மெஸ்ஸில் ஜாகை. பிரம்மசாரிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாததால் அவருடைய சரித்திரத்தை ஆரம்பத்திலிருந்து கவனிக்கும் பாக்கியம் கிடைத்தது.

ஆரம்பம் துவரம்பருப்பு. அமெரிக்காவில் படித்துத் தீர்ந்த பழைய செய்தித்தாள்கள் பேல் பேலாகக் கப்பலேறி நம் துறைமுகத்தில் வந்து இறங்கும். அவை எடை போட்டு விற்கப்பட்டு மளிகைக் கடைகளுக்குப் போய்ப் பொட்டலமாகும். ஒரு நாள் வக்கீல் வீட்டுக்கு வந்த பருப்புப் பொட்டலத்தைப் பிரித்தவர், பருப்பைத் தரையில் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். கறுப்பர் ஒருவர் ரயிலில் வெள்ளைக்காரர்களின் பெட்டியில் உட்கார்ந்ததற்காக நடுவழியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறார். அவர் ரயில்வே கம்பெனியின் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் ஆகி, நீதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லப்போகிற இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

வக்கீல் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கு ஓடினார். நானும் வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன்.

"இன்னா வக்கீல் சார், பருப்பு புழுவா கீது?" என்றான் கடைக்காரன்.

"பருப்பு கிடக்கட்டும்டா. மீதி எங்கே?"

"மீதியா? அதான் கரீட்டா நிறுத்துக் குட்த்தேனே!"

"தீர்ப்போட மீதிடா! இந்தப் பேப்பரோட அடுத்த துண்டு எங்கே?"

"தீர்ப்பா? அதெல்லாம் நம்ம கடையில விக்கிறதில்ல சார். வேணா இந்தாண்ட வந்து பாரு. அந்தக் கட்டு முச்சூடும் பெருங்காயம் மடிச்சி வெச்சிக்கினு கீறேன்."

பெருங்காயப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் வக்கீல் வாங்கினார். தீர்ப்பு அவற்றில் இல்லை. ஆனால் வேறு பல இருந்தன. கறுப்பர்கள் தாங்களே கட்டிய பள்ளிக்கூடம், ஹாலுக்குள் விடப்படாத பாட்டுக்காரர், ஒரு நாடகம், ஒரு மாதா கோயில் பஜனை, நாலைந்து கவிதைகள். எல்லாம் பாதிப் பாதியாக இருந்தன. அடுத்த வாரம் கடுகு. அதற்கடுத்த வாரம் கொத்தமல்லி விரை. கடைக்காரன் இவரைத் தூரத்தில் கண்டாலே, போணியாகாத சரக்கையெல்லாம் அமெரிக்கப் பேப்பரில் மடித்து முன்னால் அடுக்கிவிடுவான்.

வக்கீல் வீட்டு மாமி என்னிடம் சொன்னாள்: "ஆத்துல மனுஷா ரெண்டே பேர். இருக்கற பெருங்காயத்துக்கு நாலு கல்யாணத்துக்கு ரசம் வைக்கலாம். நீங்களாவது சொல்லப்படாதா?"

சொன்னேன். "வாதியின் பக்கம் பேச ஆளில்லை ஓய். எடுத்துண்டுட்டேன்" என்றார் வக்கீல்.

"எதை சார்?"

"கேஸை."

அன்றிலிருந்து அமெரிக்கக் கறுப்பர்கள் அத்தனை பேரும் அவருடைய கட்சிக்காரர்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டா செய்ய முடியும்? கேட்க வேண்டுமென்றால் தபால் செலவு ஆகுமே.

பொட்டலங்களை நீவி, நிழலில் உலர்த்தி, கேஸ் கட்டுகள் மாதிரி சிவப்பு நாடா போட்டுக் கட்டினார். வீட்டில் கூடம் போயிற்று, ஊஞ்சல் போயிற்று. கடைசியில் மாமி படுக்கிற இடமும் போகப்போகிறது என்று தெரிந்ததும், அவள் தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதட்டுமா என்று மட்டும் கேட்டாள். மறுநாளே கட்டுகள் எல்லாம் கைவண்டியில் ஏறி, எங்கள் தெரு வாசகசாலையின் பின்அறைக்குக் குடிபோயின. வக்கீல் அங்கே ஆயுள் மெம்பர்.

இவ்வளவு பெரிய பொக்கிஷம் ஒரு பொது இடத்துக்கு வந்துவிட்டதே, இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாமே என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு வக்கீல்களைத் தெரியாது என்று அர்த்தம். ஒரு வக்கீல் தன் கட்டுகளை எப்படி அடுக்குவார்? அடுத்த வாய்தா தேதிப்படி அடுக்குவார். இவரும் அப்படித்தான் அடுக்கினார். எந்த வழக்குக்கும் தீர்ப்பு கிடைக்காததால் இவரே வாய்தா கொடுத்தார். குறித்த தேதி வந்ததும் அந்தக் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை" என்று சுவருக்கு அறிவித்துவிட்டு, எல்லாவற்றையும் வேறு தேதிக் கட்டுக்கு மாற்றுவார். அதனால் அந்த அறையில் எந்தக் காகிதமும் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் ஓரிடத்தில் இருந்தது கிடையாது.

ஒருமுறை நான் கேட்டுப் பார்த்தேன்: "சார், அந்தப் பாட்டுக்காரர் பற்றி ஒரு துண்டு இருந்ததே, எங்கே?"

"ஜனவரியில இருந்தது. இப்போ ஜூலைக்குப் போயிடுத்து."

"பாட்டுக்கு எதற்கு சார் வாய்தா?"

"ஹாலுக்குள்ளே விடமாட்டேன்னுட்டான் ஓய். பாட்டும் வழக்குதான்."

"சரி, அந்த ஜூலையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்."

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "நீர் யாருங்காணும்? கட்சிக்காரரா? கட்சிக்காரரோட ரகசியத்தை மூணாம் மனுஷனுக்குக் காட்டினா என் வக்கீல் சன்னது என்னத்துக்காறது?"

"பேப்பரில் அச்சாகி, அமெரிக்கா பூராவும் படித்து, மிச்சத்தில் இங்கே கடுகு மடித்திருக்கிறார்கள். இதில் ரகசியம் என்ன சார்?"

"அச்சானா ஆகட்டும். என் நாடாக்குள்ளே வந்துட்டா ரகசியம்தான்."

இதற்கு மேல் வாதம் செய்ய நான் பி.எல். படிக்கவில்லை.

வாசகசாலைச் செகரெட்டரி ஒரு ராவ்பகதூர். பென்ஷன் வாங்கிய டிபுடி கலெக்டர். ஜனங்களின் அறிவை வளர்ப்பதற்காக ஏற்பட்ட அந்த வாசகசாலையில் சீட்டாடுவதற்குப் போதிய இடம் இல்லையே என்ற கவலை அவரை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பின்அறையைத் திறந்து பார்த்தார். பெருங்காய வாசனை அவரை இரண்டடி பின்னால் தள்ளியது.

"இதெல்லாம் என்ன ஓய்?"

"என் கட்சிக்காரா."

"ஒருத்தனாவது இதைத் தேடிண்டு வந்து படிச்சிருக்கானா?"

"படிக்க விடறதில்லை."

"பேஷ். அப்போ கேட்டுக்கோரும். ஆண்டு விழாவுக்குள்ளே யாராவது ஒருத்தர் வந்து, வேணுங்கறதைத் தானே தேடி எடுத்துப் படிச்சுட்டுப் போகணும். நீர் எடுத்துக் கொடுக்கப்படாது. அப்படி நடந்தா இந்த அறை உமக்கு. இல்லேன்னா பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிடுவேன். மறுபடியும் பெருங்காயம் மடிக்கட்டும்."

அன்று சாயங்காலம் வக்கீல் மெஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தீர்ப்பு வராம கட்டைத் தூக்கி எறியப்படாது ஓய். அவாளுக்கு யார் இருக்கா?" என்றார். கேலி செய்ய நான் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்ல மனசு வரவில்லை.

இந்த இக்கட்டான சமயத்தில்தான் அமெரிக்க அம்மாள் ஊருக்கு வந்தாள். அவள் ஒரு காலேஜில் உபாத்தியாயினி. நம் தேசத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, அங்கங்கே பிரசங்கம் செய்துகொண்டு போகிறவள். ராவ்பகதூருக்கு வெளிநாட்டார் யாராக இருந்தாலும் மாலை போட்டுவிட வேண்டும். அதுவும் அமெரிக்க அம்மாள் என்றால் கேட்க வேண்டுமா? ஜரிகைத் தலைப்பாகையும் ரோஜா மாலையுமாக வாசலில் நின்றார். மோட்டாரின் கதவு திறந்தது. இறங்கியவள் ராவ்பகதூரை விட நாலு மடங்கு கறுப்பாக இருந்தாள். மாலை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு, வாங்கியது வீணாகப் போகக்கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். மீதி வழியையும் கடந்து அவள் கழுத்தை அடைந்தது.

நான் ஓடிப்போய் வக்கீலிடம் சொன்னேன்: "சார், உங்கள் கட்சிக்காரர் வந்திருக்கிறார்."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்சிக்காரரைச் சந்திக்கப்போகிற மனிதர் எப்படி இருப்பார் என்று நான் அன்று பார்த்தேன். பூஜையில் இருந்தவர் பாதியில் எழுந்தார். கோட்டு, அதன் மேல் கவுன், கழுத்தில் வெள்ளைப் பட்டை, தலைப்பாகை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் தெருவோடு ஓடினார். கால் செருப்பு மட்டும் மாமியுடையது. அமெரிக்க அம்மாளின் முன்னால் போய் நின்று, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். அங்கே எல்லாரும் பேசியது இங்கிலீஷ்தான்; நான் தமிழில் சொல்கிறேன்.

"அம்மா, கவலைப்படாதீர்கள். உங்கள் வழக்கு வாய்தாவில் இருக்கிறது."

"எந்த வழக்கு?" என்றாள் அவள்.

"எல்லா வழக்கும்."

கட்சிக்காரரிடம் ரகசியம் இல்லையே. பின்அறை திறந்தது. அவள் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்கள் ஆட்களே நடத்திய பத்திரிகை. எங்கள் ஊர் நூல்நிலையங்கள் இதையெல்லாம் வாங்குவதில்லை. வாங்கினாலும் வைத்துக்கொள்வதில்லை. பரணிலும் சர்ச் பெட்டிகளிலும் நாங்கள் தேடி அலைகிறோம். நீங்கள் எங்கிருந்து பிடித்தீர்கள்?"

"மளிகைக் கடையிலிருந்து" என்றார் வக்கீல் பெருமையாக.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள். அவளுடைய ஜில்லாவில் பெண்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்களாம். அவளுடைய தாயார் அங்கேதான் எழுத்துக் கற்றாளாம். அதைப் பற்றி ஏதாவது இருக்குமா?

"இருக்கிறது! நான் படித்திருக்கிறேன்!" என்று வக்கீல் கட்டுகளின் மேல் பாய்ந்தார். மார்ச்சைப் பிரித்தார். இல்லை, ஏப்ரலுக்கு ஒத்திவைத்தோம் என்று ஏப்ரலைப் பிரித்தார். செப்டம்பரைப் பிரித்தார். தலைப்பாகை கழன்று விழுந்தது. அறை முழுவதும் காகிதம் பறந்தது. ராவ்பகதூர் கடியாரத்தைப் பார்த்தார். அந்தக் காகிதம் கிடைக்கவில்லை. கட்சிக்காரர் முதன்முதலாகக் கேட்ட ஒரே ஒரு காகிதத்தை வக்கீலால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அங்கே அக்கறை இல்லாமல் தூக்கிப் போட்டார்கள். நீங்கள் அக்கறையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். தேடி வருகிறவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது? எல்லாருக்கும் காட்டுங்கள், ஐயா."

புறப்படும்போது அவள் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கம்பிக்குள் கையை விட்டு, உள்ளே மேஜையில் கிடந்த பேப்பரைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இவரைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. ஏனென்றால் வாசகசாலையில் யாரும் இவரைப் பற்றிச் சொல்வதில்லை. கால்வாய்க் கரைச் சேரியில் குடியிருப்பவர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தினமும் சாயங்காலம் வந்து ஜன்னலில் நின்று படிப்பதால் எங்களுக்கு அவர் ஜன்னல் வாத்தியார். உள்ளே வரக்கூடாது என்று எங்கேயும் போர்டு இல்லை. நாங்கள் எல்லாரும் ரொம்ப நாகரிகமானவர்கள். எப்போதோ ஒரு நாள் அவர் உள்ளே கால் வைத்துவிட்டார். அவர் போனதும் தரையைக் கழுவிவிட்டோம், அவ்வளவுதான்.

"அவர் ஏன் வெளியே நின்று படிக்கிறார்?" என்று கேட்டாள் அமெரிக்க அம்மாள்.

டிபுடி கலெக்டராக இருந்த அனுபவம் ராவ்பகதூருக்குக் கை கொடுத்தது. "அங்கே காற்று நன்றாக வரும். அதனால் அவர் அங்கே நிற்பதையே விரும்புகிறார்" என்றார்.

"ஓ" என்றாள் அவள். "எங்கள் ஊரிலும் காற்றைத்தான் சொல்வார்கள்."

மோட்டார் போய்விட்டது. வக்கீல் கவுனோடு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் அவர் பின்அறைக்குப் போவார். அமெரிக்கா வரைக்கும் பார்வை தெரிகிறவர்களுக்கு இப்படி ஒரு தொந்தரவு உண்டு. பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்.

மறுநாள் அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. கோர்ட்டு வேப்பமரம் அவரில்லாமல் எப்படிச் சமாளித்ததோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கதவைத் தட்டினார். "வாரும் ஓய். கட்டெல்லாத்தையும் பிரிக்கணும்."

"ரகசியம் என்ன ஆவது சார்?"

"கட்சிக்காரி நேர்ல வந்து இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துட்டா. எல்லாருக்கும் காட்டச் சொல்லிட்டா. கட்சிக்காரி சொன்னா வக்கீல் கேக்கணும்."

இப்படி ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு பி.எல். தேவைதான்.

பின்அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். மாமியும் வந்திருந்தாள். வாதி, பிரதிவாதி என்று இரண்டு பிரிவாக அடுக்கலாம் என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"ஏன்னா, தேடிண்டு வரவாளுக்கு வாதி யார், பிரதிவாதி யார்னு தெரியுமா? ஊர்ப் பேரைப் போடுங்கோ. ஆள் பேரைப் போடுங்கோ. பள்ளிக்கூடம்னா பள்ளிக்கூடம்னு போடுங்கோ. பாட்டுன்னா பாட்டு" என்றாள் மாமி.

"ஒரே காகிதத்துல ஊரும் இருக்கு, ஆளும் இருக்கு, பாட்டும் இருக்கேடி. எதுல வைக்கறது?"

"காகிதத்தை ஒரு இடத்துல வைங்கோ. இங்கே இருக்குன்னு மூணு சீட்டுல எழுதி வைங்கோ. எதைப் பிடிச்சுண்டு வந்தாலும் அதுல வந்து முட்டிக்கட்டும்."

சீட்டுக்கு எங்கே போவது? வக்கீல் தயங்கித் தயங்கி வீட்டிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பிராக்டிஸ் ஆரம்பித்தபோது ஆசையாக அச்சடித்த விஸிட்டிங் கார்டுகள். மேலே ஒரு கட்டுதான் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் அவருடைய பெயரும் பட்டமும் பளபளவென்று இருக்க, மறுபக்கம் நான் எழுதினேன். அவர் காகிதத்தைப் படித்துத் தலைப்புச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ரயிலில் தனிப்பெட்டி. எழுதும். ஹோட்டலுக்குள் விட மறுத்தல். எழுதும். தண்ணீர்க் குழாய், தனியாக. பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சு. கோயிலில் கடைசி வரிசை."

பெருங்காயத் தூளைத் தட்டிக்கொண்டிருந்த மாமி கையை நிறுத்தினாள். "ஏன்னா, இது அமெரிக்கா சமாசாரமா? நம்மாத்துக் கொல்லைப்பக்கம் சமாசாரம் மாதிரின்னா இருக்கு?"

வக்கீல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "மேலே எழுதும் ஓய்" என்றார் என்னிடம்.

அந்தப் பெண்கள் பள்ளிக்கூடக் காகிதம் நவம்பர்க் கட்டின் அடியில் கிடைத்தது. கடுகு ஒட்டிக்கொண்டிருந்ததைத் தட்டிவிட்டு அமெரிக்க அம்மாளுக்குத் தபாலில் அனுப்பினார். மறக்காமல் அதைக் கையால் ஒரு நகல் எழுதி இங்கேயும் வைத்துக்கொண்டார். பெட்டிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினோம். உள்ளே இப்படி இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டுமே என்று மாமி சொன்னதன் பேரில் வாசலில் பெரிதாக ஒரு பலகையும் மாட்டினோம்.

பலகையை எல்லாரும் படித்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. மயிலாப்பூர்ப் பெரிய மனிதர்களுக்கு அமெரிக்காவில் நடக்கும் அநீதியைப் பற்றி மிகுந்த வருத்தம் உண்டு. ஆனால் அதற்காக எழுந்து பின்அறை வரைக்கும் நடப்பது என்றால் கஷ்டம்தான். ஆண்டு விழா வந்துவிட்டது. வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. பழைய பேப்பர்க்காரன் தராசோடு வந்து வாழைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். ராவ்பகதூர் எதையும் முன்கூட்டி ஏற்பாடு செய்கிறவர். சீட்டு மேஜைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

வக்கீல் பின்அறை வாசலில் கோட்டும் கவுனுமாக நின்றுகொண்டிருந்தார். திடீரென்று விடுவிடுவென்று வெளியே போய் ஜன்னலடியில் நின்றார்.

"வாத்தியார், உள்ளே வாங்கோ."

ஜன்னல் வாத்தியார் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "வாணாம் சார். நான் பாட்டுக்கு இங்கயே நின்னுக்கினு படிச்சிட்றேன். நான் உள்ள வந்தா, அப்பால நீங்க தரைய கழுவிக்கினு கெடக்கணும். இன்னாத்துக்கு வீண் வேல?"

"கழுவறதா இருந்தா நான் கழுவறேன். உங்களுக்கு வேணுங்கறது உள்ளே ஏதாவது இருக்குமான்னு ஒருதரம் பாருங்கோ. எனக்காக."

வாத்தியார் வக்கீலின் முகத்தைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாக, கூடத்தின் நடுவாக நடந்து வந்தார். விழாவுக்கு வந்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோயிற்று.

ராவ்பகதூர் எழுந்தார். "ஓய், இது சரியில்லை. ரூல்ஸ் இருக்கு."

"எந்த ரூல்?" என்றார் வக்கீல்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

"நான் ரூலைக் கேட்டேன். புஸ்தகத்தைக் கொண்டாரும். எத்தனாம் ரூல்னு காட்டும். யாராவது ஒருத்தர் வந்து தேடி எடுத்துப் படிக்கணும்னு சொன்னது நீர்தான். இவர் யாராவது ஒருத்தர் இல்லேன்னு சொல்லப்போறீரா? அதை இத்தனை பேருக்கு முன்னாடி உரக்கச் சொல்லும், நான் கேக்கறேன்."

எத்தனையோ வருஷமாகச் சுவரிடம் வாதாடிக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்கு எதிர்த்தரப்பு ஆஜராகியிருந்தது. ராவ்பகதூர் சுற்றுமுற்றும் பார்த்தார். உரக்கச் சொல்கிற அளவுக்கு அங்கே ஒருவருக்கும் தைரியம் இல்லை. வாசகசாலை விதிகள் அச்சடித்த புஸ்தகத்தில் இந்த மாதிரி விஷயங்களை எழுதி வைக்காத எங்கள் நாகரிகம் எங்கள் காலையே வாரிவிட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. சீட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். "பள்ளிக்கூடம்" என்று இருந்த சீட்டுகளை நிதானமாகப் படித்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அதில் சொன்ன பெட்டியைத் திறந்து, ஒரு காகிதத்தை உருவினார். எழுத்துக் கற்றுக்கொடுத்தாலே தண்டனை என்று சட்டம் இருந்த காலத்தில், அந்த ஜனங்கள் ஒளிந்து ஒளிந்து எப்படிப் படித்தார்கள் என்பதைப் பற்றியது அது. வக்கீல் உதவப் போய், ராவ்பகதூரின் நிபந்தனை ஞாபகம் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வாத்தியார் காகிதத்தோடு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தார்.

"இன்னா ஜனங்க சார்!" என்றார். அப்புறம் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "செகரெட்டரி ஐயா அன்னிக்கி சொன்னது நெசந்தான் சார். உள்ள காத்தே வர்ல" என்றார்.

வக்கீல் சிரித்த சிரிப்பில் பழைய பேப்பர்க்காரன் பயந்து தராசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவர் தம் வாழ்நாளில் ஜயித்த வழக்கு அது ஒன்றுதான். மாமி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். சில மெம்பர்கள் ராஜினாமா செய்துவிட்டு, புதிதாகப் பிளாட் போட்ட மாம்பலத்தில் சீட்டாட வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அறிவு வளர்ச்சிக்கு அதனால் பெரிய நஷ்டம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாத்தியார் தம் பள்ளிக்கூடத்து மற்ற வாத்தியார்களை அழைத்து வந்தார். காலேஜ் பையன்கள் வந்தார்கள். அடையாறிலிருந்து ஒரு பாட்டுக்காரி வந்து, அந்த ஊர்ப் பாட்டுகளின் வார்த்தைகளை எழுதிக்கொண்டு போனாள். எல்லாரும் நேராகச் சீட்டுப் பெட்டிக்குப் போவார்கள், சீட்டை எடுப்பார்கள், காகிதத்தை எடுப்பார்கள், படிப்பார்கள், கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். வக்கீல் கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டித்தான் எல்லாரும் போக வேண்டும். ஒருவரும் நிற்பதில்லை. நிற்க அவசியம் என்ன?

ஒரு நாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "ஏங்காணும், ஒருத்தன்கூட என்னை ஒண்ணும் கேக்கமாட்டேங்கறானே?"

"அதற்காகத்தானே சார் இவ்வளவு பாடுபட்டீர்கள்?"

"அது வாஸ்தவம். அது வாஸ்தவம்தான் ஓய்" என்று சொல்லிவிட்டு, துண்டால் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் மயிலாப்பூரில் இருந்த வரைக்கும் சனிக்கிழமைதோறும் ஆபீஸ் விட்டதும் நேரே அங்கே போவேன். முக்காலிக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டு, "சார், ஏதோ ஒரு நாடகத்தைப் பற்றி ஒரு துண்டு இருந்ததே, எங்கே தேடினாலும் அகப்படவில்லை" என்பேன். அடுத்த வாரம் கவிதை. அதற்கடுத்த வாரம் வேறொன்று. அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும். "நீர் இப்படி உட்காரும். இதெல்லாம் உமக்குப் புரியாது. நான் எடுத்துண்டு வரேன்" என்று வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போவார்.

அந்தச் சீட்டுகளில் பாதி என் கையால் எழுதினவை. எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். நான் அங்கே தேடிக்கொண்டு போனது அந்த மனுஷரைத்தான்.